பாலிஷ் என்றால் போடுவதா, எடுப்பதா?

"பாலிஷ் போடுவது" என்ற ஒரே வார்த்தை தமிழில் இரண்டு எதிரெதிர் வேலைகளுக்குப் பயன்படுகிறது. ஷூவுக்குப் பாலிஷ் போட்டால் தோலின் மேல் மெழுகும் சாயமும் ஏறுகின்றன. அரிசிக்குப் பாலிஷ் போட்டால் மேலே இருந்த தவிடு போய்விடுகிறது. முதலாவது சேர்ப்பது, இரண்டாவது உரிப்பது. ஏரியும் நெல்வயலும் ரைஸ்மில்லுமாக இருக்கும் செங்கல்பட்டுப் பக்கத்தில் இந்த வித்தியாசத்தை யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஊர்க்காரர் தன் காரைப் பாலிஷுக்கு விடும்போது மட்டும் ஷூவை நினைத்துக்கொண்டு விடுகிறார். கார் பாலிஷ் அரிசி வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தவிடு போகிறது. காருக்கு இருப்பதோ ரொம்பக் கொஞ்சம் தவிடு.

சரி, காரை எதற்குப் பாலிஷுக்கு விடுகிறார்கள்? முக்கால்வாசிப் பேருக்கு ஒரே காரணம்தான். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை என்று அடர்ந்த நிறத்தில் ஒரு கார் மத்தியான வெயிலில் நிற்கிறது. பானெட்டில் சூரியன் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி, சிலந்தி வலை கட்டியது போல மெல்லிய வட்ட வட்டக் கோடுகள். ஆங்கிலத்தில் இதை 'ஸ்வர்ல் மார்க்' என்கிறார்கள். சுழல் கீறல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் அந்தக் கீறல்கள் வட்டமே கிடையாது! சந்தேகம் இருந்தால் வீட்டில் ரொம்ப நாள் புழங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து ஒற்றை பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி அதே வட்டங்கள் தெரியும். தட்டை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகரும். கீறல் ஒரே இடத்தில் இருக்கும்போது வட்டம் எப்படி நகரும்? தட்டு முழுக்க எல்லாத் திசையிலும் ஆயிரக்கணக்கான நேர்க்கீறல்கள் இருக்கின்றன. அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுகின்றன. மின்னுகிற துண்டுகளைக் கண் சேர்த்து வட்டமாக்கிக்கொள்கிறது. தட்டில் இந்தக் கோலத்தைப் போட்டது சபீனாவும் தேங்காய் நாரும். காரில் போட்டது, துடைக்கிற துணி.

மேகமூட்டமான நாளிலோ நிழலிலோ இவை கண்ணில் படாது. வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் இருந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. (பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாயங்காலம் ஷெட்டுக்குள் போய்ப் பார்க்காமல், உச்சி வெயிலில் வண்டியை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.)

காரின் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு அல்ல. மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2022 ஜூலையில் தன் கடைசிக் காரை அனுப்பும் வரை செய்துகொண்டிருந்ததும், மற்றத் தொழிற்சாலைகளில் இன்றைக்கும் நடப்பதும் ஏறக்குறைய ஒரே முறைதான். முதலில் இரும்பில் துரு பிடிக்காமலிருக்க மின்சாரத்தால் ஏற்றும் ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். கடைசியில் நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற க்ளியர் கோட். இதை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான அடுப்புக்குள் விட்டு இறுக வைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான். அதில் க்ளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காரின் பளபளப்பும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்துக்குப் பாதுகாப்பும் ஒரு தலைமுடிக்கும் குறைவான அந்தத் தோலில்தான் இருக்கின்றன.

சுழல் கீறல்கள் இந்தத் தோலில் விழுந்த சின்னப் பள்ளங்கள். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் இறக்குகிறது. பள்ளம் மறைந்துவிடுகிறது, கூடவே தோலும் அந்த அளவுக்கு மெலிந்துவிடுகிறது. முரட்டுக் காம்பவுண்டை மெஷினில் வைத்துத் தேய்த்தால் ஒரே தடவையில் சில மைக்ரான் போய்விடும். மென்மையான பாலிஷில் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே போகும். எந்தப் பாட்டிலை எடுப்பது என்ற கேள்வியின் முழு அர்த்தமும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்து அம்பாஸடர், பத்மினி வண்டிகளுக்கு க்ளியர் கோட் கிடையாது. நிறமே மேல் தோல். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், தேய்ப்பவருக்கும் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இப்போதைய கார்களில் போவதற்கு நிறமே கிடையாது. எவ்வளவு தேய்த்தாலும் துணியில் வெறும் வெள்ளைக் குழம்புதான். ஆகவே யாருக்கும் பயம் வருவதில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் முப்பது கிலோமீட்டர் சுமார். அந்த முப்பது கிலோமீட்டருக்குள் காரைக் கீறக்கூடிய எல்லாமும் வரிசையாக வந்துவிடுகிறது. செங்கல்பட்டைச் சுற்றிக் கல்குவாரி, கிரஷர், ஜல்லி லாரி. கடற்கரைப் பக்கம் போனால் மணலும் உப்புக் காற்றும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் அதற்கு 7 மதிப்பெண், ஜன்னல் கண்ணாடியையே கீறிவிடும். க்ளியர் கோட்டோ ஒருவகை பிளாஸ்டிக். கடல் மணலாவது அலையில் உருண்டு உருண்டு முனை மழுங்கியிருக்கும். கிரஷர் தூசு அப்போதுதான் உடைந்த கல், ஒவ்வொரு துகளுக்கும் கூர் இருக்கும். உப்பு தன்னளவில் மிருதுவானதுதான், ஆனால் அது ஈரத்தை இழுத்து இந்தத் தூசியையெல்லாம் காரின் மேல் பசை போல ஒட்ட வைக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் 8-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அங்கே கருங்கல் சிற்பங்களின் மூக்கும் முகமும் உப்பிலும் மணல் காற்றிலும் கரைந்திருப்பதைப் பார்க்கலாம். கல்லுக்குள் இறங்கிய உப்பை வெளியே எடுக்கத் தொல்லியல் துறை நனைத்த காகிதக் கூழை அப்பி உறிஞ்ச வைக்கிறது. கல்லுக்கே இந்தக் கதி.

ஆனால் ஒன்று. தூசி காரின் மேல் சும்மா கிடக்கும்வரை கீறாது. யாராவது அதன் மேல் துணியை வைத்து அழுத்தி இழுத்தால்தான் கீறும். தச்சர்கள் மரத்தை இழைக்கிற மணல் ஒட்டிய தாளுக்குத் தமிழில் உப்புத்தாள் என்று பெயர். யார் எதற்கு வைத்த பெயரோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலையில் நின்ற காரைப் பனியன் வேஸ்டால் துடைக்கும்போது அந்தத் துணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

செங்கல்பட்டில் ஒரு டூரிஸ்ட் டாக்ஸிக்காரர் இருக்கிறார். மஞ்சள் போர்டு, கருஞ்சாம்பல் நிற செடான், இன்னும் தவணை முடியவில்லை. கடற்கரைப் பக்கத்து விடுதிகளிலிருந்து வருகிற சவாரிதான் அவருக்குச் சோறு. வண்டி பளிச்சென்று இருந்தால்தான் விடுதி வாசலில் அடுத்த சவாரிக்குக் கூப்பிடுவார்கள். ஆகவே அவர் துடைப்பார். காலையில் ஒரு தரம், விருந்தாளி இறங்கிக் கோயில் பார்க்கப் போன நேரத்தில் ஒரு தரம், சாப்பாடு முடிந்து ஒரு தரம், ராத்திரி ஒரு தரம். நாளுக்கு நாலு என்றால் வருஷத்துக்கு 1,460 தடவை. பெரும்பாலும் காய்ந்த துணி. எப்போதாவது நண்பர்கள் சொன்னபடி துணியில் டீசல் நனைத்துத் துடைப்பதும் உண்டு. ஒரு மணி நேரம் மினுமினுக்கும், அப்புறம் அந்த எண்ணெயில் இரண்டு மடங்கு தூசி ஒட்டும். பளபளப்புக்காக அவர் செய்த ஒவ்வொன்றும் பளபளப்பைத் தின்றது. சோம்பேறியாக இருந்திருந்தால் வண்டி இன்னும் நன்றாக இருந்திருக்கும் :-)

அவர் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனார்.

"அண்ணே, வாங்கினப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்ப வெயில்ல நிறுத்தினா ஒட்டடை அடிக்காத வீடு மாதிரி இருக்கு. ஒரு பாலிஷ் போட்டுக் குடுங்க."

"போன வருஷம் போட்டியே தம்பி?"

"போட்டேன். வேற கடையில. பொங்கலுக்கு ஒண்ணு, ஆயுத பூஜைக்கு ஒண்ணு."

"வருஷத்துக்கு ரெண்டா? அப்ப இன்னும் எத்தனை ஆயுத பூஜை தாங்கும்னு நீயே பாத்துக்க" என்று சொல்லி, ஷெட் மூலையில் நின்ற ஒரு பழைய காரின் கூரையைக் காட்டினார். வெயிலில் தோல் உரிந்த முதுகு போல, க்ளியர் கோட் வெள்ளை வெள்ளையாகப் பெயர்ந்திருந்தது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் எந்தப் பாலிஷும் உதவாது, மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சீட்டோடும் ஒயரோடும் ஒரு காரை 140 டிகிரி அடுப்பில் வைக்க முடியாது. ஆகவே வெளியே அடிக்கும் பெயிண்ட் குறைந்த சூட்டில்தான் காயும். பழைய கார் வாங்குபவர்களிடம் இப்போது பெயிண்ட் தடிமனை அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது. கதவில் வைத்தால் மைக்ரான் கணக்குச் சொல்லிவிடும். எண் திடீரென்று ஏறினால் அங்கே ரீபெயிண்ட் என்று அர்த்தம், உடனே விலையைக் குறைப்பார்கள். தவணை முடிந்ததும் இந்த வண்டியை விற்றுப் பெரிய வண்டி எடுக்கலாம் என்று நினைத்திருந்த டாக்ஸிக்காரருக்கு அந்தக் கூரையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியிருக்கும்.

இந்த இடத்தில் பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். 3எம், மெகுவயர்ஸ் (2008-ல் 3எம் இதை வாங்கிவிட்டது), ஜெர்மனியின் மென்சர்னா என்று எந்தப் பெயரை எடுத்தாலும் கார் பாலிஷ்களில் தேய்க்கிற வேலையைச் செய்வது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு பொடி. இதுவே இயற்கையில் படிகமாகக் கிடைத்தால் ஆங்கிலத்தில் கோரண்டம். அந்த ஆங்கில வார்த்தை எங்கிருந்து போனது தெரியுமா? தமிழின் 'குருந்தம்'! நம்மூர் சாணைக்கல்லுக்கும் ரத்தினம் தேய்ப்பவர்களுக்கும் பழகிய கல். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இன்றும் பாறையில் கிடக்கிறது. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல். மோஸ் அளவில் 9, மேலே வைரம் மட்டும்தான். ஜெர்மன்காரர் பாட்டிலில் அடைத்து விற்பது, செயற்கையாகத் தயாரித்து மாவாக அரைத்த குருந்தம்.

குருந்தமும் கார்பரண்டமும் வைத்துக் கல்லை மெருகேற்றுவது மாமல்லபுரத்துப் பட்டறைகளுக்குத் தினசரி வேலை. 1957-ல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம்தான் இன்றைக்கு அங்கே அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கருங்கல்லைக் கண்ணாடி போல ஆக்க, முரட்டுத் தேய்ப்புக் கல்லில் ஆரம்பித்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, படிப்படியாக நைசான கல்லுக்கு வர வேண்டும். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் கீறலை அழித்து அதைவிடச் சின்னக் கீறலைப் போடுகிறது. மெருகு என்பதே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகிப்போன கீறல்தான். அவசரப்பட்டு நடுவில் ஒரு படியைத் தாண்டினால், கடைசியில் பளபளக்கும்போது பழைய கீறல் எட்டிப் பார்க்கும்.

காரிலும் தத்துவம் இதேதான். முரட்டுக் காம்பவுண்ட் போட்டால் அடுத்து நைஸ் பாலிஷ் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காம்பவுண்ட் போட்ட கீறலே புதுச் சுழலாகத் தெரியும். ஆனால் ஆரம்பிக்கிற இடம் மட்டும் தலைகீழ். சிற்பிக்குக் கையில் கல் அங்குலக் கணக்கில் இருக்கிறது, முரட்டிலிருந்து இறங்கி வரலாம். கார்க்காரர் இருப்பதிலேயே மென்மையானதில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி முரட்டுக்கு ஏற வேண்டும். கடைகளில் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. முரட்டுக் காம்பவுண்டும் கம்பளி பேடும் வைத்தால் அரை மணியில் பானெட் பளிச்சென்று ஆகிவிடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போய்விடுவார்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு குழப்பம் உண்டு. கடையில் 'பாலிஷ்' என்று எழுதி விற்பதில் பாதி வெறும் மெழுகு. கீறலை நீக்கும், மங்கலை நீக்கும் என்று போட்டிருந்தால் உள்ளே தேய்க்கும் பொடி இருக்கிறது. பாதுகாக்கும், தண்ணீர் ஒட்டாது என்று மட்டும் போட்டிருந்தால் மெழுகு. நடுவில் ஒரு ரகம் இருக்கிறது, எண்ணெயும் நிரப்பியும் கலந்தது. பள்ளத்தில் போய் உட்கார்ந்து கீறலை மறைக்கும், மூன்று நாலு வாட்டர் வாஷுக்குப் பிறகு எல்லாம் திரும்பி வந்துவிடும். கீறல் போயிருக்கிறதா, மறைந்திருக்கிறதா என்று அறிய, தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தால் போதும். எண்ணெய் போய் உண்மை தெரிந்துவிடும். மென்சர்னா பாட்டில்களில் 400, 2400, 3800 என்று எண்கள் இருக்கும். உப்புத்தாள் மாதிரியே எண் ஏற ஏற நைஸ். 400 என்பது முரட்டுக் காம்பவுண்ட், 3800 கடைசி மெருகு. பற்பசையைத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. பல்லுக்கு என்று அரைத்ததைப் பல்லுக்கே வைத்துக்கொள்வது உத்தமம். பிறகு, செராமிக் கோட்டிங். அது கீறலை எடுப்பதல்ல. சுழல் கீறலோடு அதைப் போட்டால், கீறலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட மாதிரி.

எந்தக் கீறல் போகும், எது போகாது? நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டி நின்றால் அது பாலிஷ் வேலை இல்லை, விட்டுவிட வேண்டும்.

பெரியவர் அந்தக் கருஞ்சாம்பல் வண்டிக்குச் செய்தது இவ்வளவுதான். முதல் நாளே நன்றாகக் கழுவி, க்ளே என்ற களிமண் போன்ற பசையால் ஒட்டியிருந்த சிமெண்ட், இரும்புத் தூசியை உருட்டி எடுத்தார். காலை ஏழு மணிக்கு ஷெட்டுக்குள், பாடி குளிர்ந்திருக்கும்போது ஆரம்பித்தார். நம்மூர் வெயிலில் சூடான தகட்டில் பாலிஷ் வைத்தால் தேய்க்கும் முன்பே பொடியாகிவிடும், அந்தப் பொடியும் கீறும். வெட்ட வெளியில் செய்தால் காற்றில் வரும் மணல் பேடுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லியது என்பதால் மாஸ்கிங் டேப் ஒட்டினார். பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றைத் தேர்ந்து, மிருதுவான ஃபோம் பேடில் நைஸ் பாலிஷ் நாலைந்து சொட்டு. மெஷின், ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் பழைய ரகம் அல்ல, சுற்றிக்கொண்டே தள்ளாடும் டூயல் ஆக்‌ஷன் ரகம். பழைய ரகம் ஒரே இடத்தில் சூடேற்றி, ஒரு கணம் கவனம் தப்பினாலும் விளிம்பில் நிறம் வரைக்கும் தின்றுவிடும். அது விட்டுப்போகும் நிழல் போன்ற தடங்களுக்கு ஹாலோகிராம் என்றே பெயர்.

சதுரத்தைத் துடைத்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார்கள். பாதிதான் போயிருந்தது. பாலிஷை மாற்றவில்லை, பேடை மட்டும் கொஞ்சம் கெட்டியானதாக மாற்றி அதே சதுரத்தில் மறுபடி. இந்த முறை முக்கால்வாசி போயிற்று. டாக்ஸிக்காரர் காம்பவுண்ட் டப்பாவைக் கையில் எடுத்தார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் வச்சா மிச்சமும் போயிடும்ல?"

"போயிடும். கூட வேற ஒண்ணும் போயிடும். வையி கீழ."

மெஷின் கிடைக்காதவர்கள் கையாலும் செய்யலாம். தோள் வலிக்கும், இவ்வளவு சீராக வராது, ஆனால் கையால் க்ளியர் கோட்டைத் தாண்டிப் போவது சுலபமில்லை என்பதில் ஒரு நிம்மதி உண்டு. வட்டமாகத் தேய்க்காமல் காற்று ஓடும் திசையில், முன்னும் பின்னும் நேராகத் தேய்ப்பது நல்லது.

மத்தியானத்துக்குள் வண்டி முடிந்தது. கதவுக் கைப்பிடிக் குழிகளில் மோதிரமும் நகமும் போட்ட கோடுகள் சில, பானெட்டில் நகம் தட்டும் கீறல் மூன்று. அவற்றைத் தொடவில்லை. மேலே ஒரு கை மெழுகு போட்டு அனுப்பினார்.

இனிமேல் துடைப்பதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் மிச்சப் பிரச்சினை. விடுதி வாசலில் தூசி வண்டியை நிறுத்த முடியாது. இரண்டு பக்கெட் வைத்துக்கொண்டு, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணி அலச வெறும் தண்ணீர் என்று கழுவச் சொல்வது சுலபம். ஆனால் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஜனங்களிடம் தினமும் காரைக் கழுவு என்று யார் சொல்வது? போர் தண்ணீரோ பல இடங்களில் சுண்ணாம்பும் உப்புமாக இருக்கிறது. வெயிலில் அப்படியே காயவிட்டால் துளித் துளியாக வெள்ளைத் தடம் பிடித்துக்கொள்ளும். இதற்கு நடுவில் ஒரு வழி, அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம். ஒரே பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, தூசியின் மேல் முதலில் தெளித்து ஊறவிட்டு, பிறகு நனைந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் எடுக்க வேண்டும். ஒரு மடிப்பு அழுக்கானால் மறு மடிப்பு.

டாக்ஸிக்காரர் இப்போது காலையில் ஒரு தரம் இப்படித்தான் துடைக்கிறார். நடுவில் கண்ணாடிகளை மட்டும். அவர் டிக்கியில் மூன்று நிறத்தில் துணிகள் இருக்கின்றன. நீலம் பாடிக்கு, மஞ்சள் கண்ணாடிக்கு, சிவப்பு சக்கரத்துக்கு. நீலத் துணி ஒரு தடவை தரையில் விழுந்துவிட்டால் அதில் பேனாவால் பெருக்கல் குறி போட்டு சிவப்போடு சேர்த்துவிடுகிறார். விடுதிக் காவலாளி ஒருநாள் உதவி செய்கிறேன் என்று பனியன் வேஸ்டோடு வந்தபோது, "வேணாம்ணே, தூசியே இருந்துட்டுப் போகட்டும்" என்று ஓடிப்போய்த் தடுத்திருக்கிறார்.